தெரிந்ததெல்லாம் தலைக்குள் எப்படி அடுக்கியிருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

ஞாபகம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்திருக்கிறோம். பரீட்சைக் காலம் என்பதால் மாணவரும் பெற்றோரும்தான் கூடுதலாக எழுதியிருக்கிறார்கள். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: கனகராயன் ஆறு இரணைமடுவுக்கு வருகிறது என்று எனக்குத் தெரியும். எந்த வகுப்பில், யார் சொல்லித் தெரிந்தது என்று கேட்டால் தெரியாது. ஆனால் இரணைமடு வான் கதவு திறந்த அன்று அப்பாவோடு போய்ப் பார்த்தது, மழை, சனம், கச்சான் வாங்கித் தின்றது எல்லாம் அப்படியே நிற்கிறது. இரண்டும் ஒரே ஞாபகமா?
– உயர்தர மாணவி, மல்லாவி

பதில்: வேறு வேறு. எண்டெல் டுல்விங் என்ற உளவியலாளர் 1972இல் இதைப் பிரித்துக் காட்டினார். வான் கதவு திறந்த நாள் உங்கள் நிகழ்வு ஞாபகத்தில் இருக்கிறது. அதற்கு நாள் உண்டு, இடம் உண்டு, அங்கே நின்றது நான்தான் என்ற உணர்வும் உண்டு. கனகராயன் ஆறு இருப்பது பொது அறிவு ஞாபகத்தில். இந்த மூன்றும் அதற்குத் தேவையில்லை. சொற்களின் அர்த்தம், ஊர்ப் பெயர்கள், வேப்பெண்ணெய் கசக்கும் என்பது, திங்களுக்குப் பிறகு செவ்வாய் என்பது எல்லாம் அங்கேதான்.

ஒன்று கெட்டு மற்றது தப்பிய நோயாளர்களைக் கண்ட பிறகு இந்தப் பிரிப்பு உறுதிப்பட்டது. ஆய்வுகளில் கே.சி. என்று குறிப்பிடப்படும் கனடாக்காரர் ஒருவருக்கு 1981இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டது. சதுரங்க விதிகள் தெரியும், பாடசாலையில் படித்தவை தெரியும். தன் வாழ்க்கையில் நடந்த ஒரேயொரு சம்பவத்தைக்கூட அவரால் மீட்க முடியவில்லை. 1997இல் வேறொரு ஆய்வு வந்தது. சின்ன வயதிலேயே மூளையின் ஹிப்போகம்பஸ் பகுதி பழுதான மூன்று பேர் பற்றியது அது. அன்றாடம் நடந்தது அவர்களுக்கு நிற்காது. ஆனாலும் சாதாரணப் பாடசாலைக்குப் போய் வாசிக்கப் பழகினார்கள், பொது அறிவும் சேர்த்தார்கள்.

கனகராயன் ஆற்றைப் பற்றி நீங்கள் முதன்முதல் கேட்டதும் ஒரு நிகழ்வுதான். பிறகு புவியியல் படத்தில் பார்த்தீர்கள், செய்தியில் கேட்டீர்கள், வீட்டில் கதைத்தார்கள். ஒவ்வொரு முறையும் சூழல் மாறியது, ஆறு மாறவில்லை. மாறியது உதிர்ந்தது, மாறாதது தங்கியது. ஒரே கொப்பியை ஒரே இடத்தில் இருந்து பத்துத் தரம் பார்ப்பவருக்கு இந்த உதிர்வு நடப்பதில்லை. "அந்தப் பக்கத்தில் மேலே இடது பக்கம் இருந்தது" என்பது ஞாபகம் வரும், விடை வராது. ஒரு பாடத்தைக் கொப்பியில் ஒரு தரம், கடந்தகால வினாத்தாளில் ஒரு தரம், சிநேகிதிக்குச் சொல்லிக் கொடுத்து ஒரு தரம் என்று மாற்றிச் சந்தியுங்கள்.

கேள்வி: விஞ்ஞான பாடத்தில் விலங்குகளைப் பாகுபடுத்தும்போது மேலிருந்து கீழாகக் கிளை பிரித்து ஒரு வரைபடம் போடுகிறோம். பிள்ளையின் தலைக்குள்ளும் அறிவு இப்படித்தான் அடுக்கியிருக்கிறதா? வகுப்பிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?
– ஆசிரியர், ஒட்டுசுட்டான்

பதில்: முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். அலன் கொலின்ஸ், றொஸ் குயிலியன் இருவரும் 1969இல் வெளியிட்ட ஆய்வு அறிவைப் படிவரிசையாகக் கண்டது. 'தோல் உண்டு', 'மூச்சு விடும்' என்பவை விலங்கு என்ற மேற்படியில் ஒரு தரம் மட்டும் பதிந்திருக்கும். 'சிறகு உண்டு', 'பறக்கும்' பறவை என்ற நடுப்படியில். 'மஞ்சள் நிறம்', 'பாடும்' என்பவை கனேரி என்ற குருவியின் கீழ்ப்படியில். ஒவ்வொரு குருவிக்கும் 'மூச்சு விடும்' என்று தனித்தனியே பதிய வேண்டியதில்லை, இடம் மிச்சம். குயிலியன் கணினிக்கு மொழி விளங்க வைக்க முயன்றவர். அந்தக் காலத்துக் கணினியில் இடம் பெரும் தட்டுப்பாடு. இந்தச் சிக்கன யோசனை அங்கிருந்து வந்ததில் வியப்பில்லை.

இது சரியென்றால் மேற்படிக்கு ஏறிப் பார்க்க நேரம் எடுக்க வேண்டும். எடுத்தது. 'கனேரி பாடும்' சரியா பிழையா என்று அழுத்திச் சொல்லச் சுமார் 1.3 செக்கன், 'கனேரி பறக்கும்' 1.38, 'கனேரிக்குத் தோல் உண்டு' 1.47 செக்கன். ஒரு படி ஏறச் சுமார் 75 மில்லிசெக்கன் என்று கணக்குப் போட்டார்கள்.

அழகான கணக்கு, ஆனால் சில ஆண்டுகளிலேயே பல இடத்தில் இடித்தது. படிவரிசையின்படி நாய் முதலில் முலையூட்டி, அதற்கு மேலேதான் விலங்கு. ஆகவே 'நாய் ஒரு முலையூட்டி' முந்த வேண்டும். முந்தியது 'நாய் ஒரு விலங்கு'. 1972இல் கரோல் கொன்ராட் சுட்டியது இன்னும் அடிப்படையானது: ஓர் இயல்பு எந்தப் படியில் இருக்கிறது என்பதைவிட, அந்தச் சொல்லோடு அது எவ்வளவு அடிக்கடி சேர்ந்து வருகிறது என்பதே வேகத்தைத் தீர்மானிக்கிறது. கனேரியின் தோலைப் பற்றி யார் கதைக்கிறார்கள்?

மூன்றாவது இடிதான் உங்கள் வகுப்புக்கு வேண்டியது. ஒரே படியில் இருக்கும் பறவைகள் எல்லாம் சமமில்லை. எலினோர் றொஷ் 1970களில் அமெரிக்க மாணவரிடம் பறவைகளுக்குப் புள்ளி போடச் சொன்னார். எது நல்ல உதாரணம், எது அரைகுறை உதாரணம் என்பதற்கான புள்ளி. அங்கே றொபின் முன்னுக்கு நின்றது, கோழியும் பென்குயினும் கடைசிப் பக்கம் போயின. நல்ல உதாரணங்களுக்கு மூளை கெதியாக 'ஓம்' சொல்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு றொபின் வெறும் பெயர். காகம், மைனா, கொக்கு முன்னுக்கு வரும், கோழியும் தாராவும் பின்னுக்கு நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். பிள்ளைகள் வௌவாலைப் பறவை என்று எழுதிவிடுவதும் இதனோடு சேர்ந்ததுதான். 1974இல் ஸ்மித், ஷோபென், ரிப்ஸ் மூவரும் கொடுத்த விளக்கத்தின்படி, மூளை முதலில் இயல்புகளை மொத்தமாக ஒப்பிட்டுப் பார்க்கிறது. மிகவும் பொருந்தினால் உடனே 'ஓம்', துளியும் பொருந்தாவிட்டால் உடனே 'இல்லை'. வௌவால் போல நடுவில் நிற்பவற்றுக்குத்தான் வரைவிலக்கணத்தைத் தேடிப் போகிறது. பரீட்சை அவசரத்தில் பிள்ளை முதற்கட்டத்திலேயே நின்றுவிடும். பறக்கிறது, ஆகவே பறவை. வௌவால் முலையூட்டி என்று படித்த பிள்ளையும் அந்த அவசரத்தில் வழுக்கும்.

1975இல் கொலின்ஸ், எலிசபெத் லொஃப்டஸோடு சேர்ந்து தன் பழைய படிவரிசையைத் தானே கலைத்தார். படிகளுக்குப் பதிலாக வலை வந்தது. ஒரு கருத்து எழுந்தால் அதோடு தொடுத்தவையெல்லாம் கொஞ்சம் எழும்பும், தொடுப்பு நெருங்கியதென்றால் கூடுதலாக, தூரமென்றால் குறைவாக. குளத்துத் துருசைத் திறந்ததும் தலைவாய்க்காலுக்கு முதலில் தண்ணீர் வந்து, கிளைவாய்க்கால்களில் பிரிந்து, கடைமடைக்குக் கசிவாகப் போய்ச் சேர்வது போல. ஒரு வித்தியாசம், இங்கே தண்ணீர் மேல்நோக்கியும் போகும். 'தோல்' என்ற சொல் 'விலங்கு' என்பதையும் எழுப்பும். இதற்கு முன்பே 1971இல் மெயர், ஷ்வானெவெல்ட் இருவரும் இதை அளந்திருந்தார்கள். திரையில் தெரியும் இரண்டு எழுத்துக் கோவைகளும் உண்மையான சொற்களா என்பதுதான் கேள்வி. பாண், பட்டர் போன்ற தொடர்புடைய சோடிக்கு 855 மில்லிசெக்கன், தொடர்பில்லாத சோடிக்கு 940.

வகுப்புச் சோதனை இப்படி. இரண்டு தாள்கள், ஒவ்வொன்றிலும் 24 வாக்கியம், 12 சரி, 12 பிழை, கலந்து கிடக்க வேண்டும். 'அ' தாளின் சரியான வாக்கியங்களில் நல்ல உதாரணங்கள்: மைனா ஒரு பறவை, பாரை ஒரு மீன், மாம்பழம் ஒரு பழம். 'ஆ' தாளில் ஓரத்து உதாரணங்கள்: கோழி ஒரு பறவை, திருக்கை ஒரு மீன், பேரீச்சை ஒரு பழம். பிழையான வாக்கியங்கள் இரண்டு தாளிலும் ஒரே தரத்தில், 'மேசை ஒரு பழம்' என்பதுபோல இருக்கட்டும். அங்கே வௌவாலைப் போட்டால் சோதனை குழம்பிவிடும். இருவர் இருவராக உட்கார்த்தி, ஒருவர் அடையாளம் போட மற்றவர் போனில் நேரம் பிடிக்கட்டும். தனி வாக்கியத்தை அளக்க முயல வேண்டாம், விரல் தடுமாற்றமே வித்தியாசத்தை விழுங்கிவிடும். முழுத்தாளின் நேரத்தை எடுங்கள். வாக்கியத்துக்கு ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம் என்றாலும் 12 வாக்கியத்தில் ஒரு செக்கனுக்கு மேல் சேரும், வகுப்புச் சராசரியில் அது தெரியும்.

பிழைக்கும் இடங்கள் மூன்று. எல்லோரும் 'அ' தாளை முதலில் செய்தால் 'ஆ' தாளுக்கு வரும்போது கை பழகியிருக்கும், ஆகவே பாதிப் பேர் 'ஆ'வில் தொடங்கட்டும். சொல்லின் நீளம் இரண்டிலும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இரண்டுக்கு மேல் பிழைவிட்ட தாளைச் சராசரியில் சேர்க்க வேண்டாம், அந்தப் பிள்ளை வேகத்துக்காக வாசிக்காமலே அடையாளம் போட்டிருக்கும்.

கேள்வி: எங்கட கடற்கரையில் சின்னப் பிள்ளையும் சூடை, பாரை, அறக்குளா, சீலா என்று பிரித்துச் சொல்லும். என் மகன் பதின்மூன்று வயதில் படிக்க வெளிக்கிட்டவன். இப்ப லீவில் வந்தால் எல்லாவற்றையும் 'மீன்' என்கிறான். அவனுக்குத் தெரிந்தது அழிந்து போச்சா?
– தொழிலாளி, கள்ளப்பாடு

பதில்: அழிந்திருக்க வாய்ப்புக் குறைவு. பெயர் சொல்லும் படிநிலைதான் மாறியிருக்கிறது.

மனிதர் ஒரு பொருளைக் கண்டதும் தானாக வாயில் வரும் பெயர் ஒரு நடுப்படியில் இருக்கும். றொஷும் கூட்டாளிகளும் 1976இல் காட்டியது இது. கதிரையைக் கண்டால் 'கதிரை' என்போம், 'தளபாடம்' என்றோ 'சமையலறைக் கதிரை' என்றோ முதலில் சொல்வதில்லை. ஆனால் புழங்கும் தொழிலைப் பொறுத்து இந்த நடுப்படி கீழே இறங்கும். 1991இல் ரனாகா, ரெய்லர் இருவரும் நாய் வளர்ப்பிலும் பறவை அவதானிப்பிலும் கைதேர்ந்தவர்களைச் சோதித்தபோது, தங்கள் துறையில் அவர்கள் குறிப்பான இனத்தின் பெயரையும் 'நாய்', 'பறவை' என்பதற்குச் சமமான வேகத்தில் இனங்கண்டார்கள். துறை மாறியதும் எங்களைப் போலத்தான். உங்களுக்கு அறக்குளா எழும் வேகத்தில் மகனுக்கு இப்போது வேறு ஏதோ துறையின் பெயர்கள் எழும்.

பெயர் மட்டுமல்ல, வகை பிரிப்பதும் தொழிலோடு போகும். 1997இல் அமெரிக்காவில் மர வல்லுநர்களை வைத்துச் செய்த ஆய்வில், தாவரவியலாளர் விஞ்ஞான வகைப்படி மரங்களைக் குவித்தார்கள், தோட்டம் அமைப்பவர்கள் எந்த மரம் எதற்கு உதவும் என்று பார்த்துக் குவித்தார்கள். எங்கள் காட்டு மரங்களையும் நினைத்துப் பாருங்கள். தச்சுத் தொழிலாளி முதிரையையும் பாலையையும் வைரம் பார்த்துச் சேர்ப்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை பாலையையும் வீரையையும் பழம் பார்த்துச் சேர்க்கும்.

அழிவு பற்றி: ஹரி பாரிக் என்பவர் 1984இல், பாடசாலையில் ஸ்பானிய மொழி படித்த 733 பேரைச் சோதித்தார். சிலர் படித்து 50 ஆண்டு ஆகியிருந்தது. தொடக்கத்து மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் நிறையப் போயிருந்தது. அதன்பிறகு மிஞ்சியது 25, 30 ஆண்டுகள் வரை அசையவில்லை. எவ்வளவு மிஞ்சும் என்பது முதலில் எவ்வளவு ஆழமாகப் படித்தார்கள் என்பதில் தங்கியிருந்தது. பதின்மூன்று வருடம் வாடியில் வளர்ந்தது சின்ன அத்திவாரமில்லை. வலை தட்டும்போது கூட நிற்கவிடுங்கள். "இது என்ன?" என்று கேட்க வேண்டாம், "இதில் பாரை எது?" என்று கேளுங்கள். எடுத்துச் சொல்வதைவிடக் கண்டு பிடிப்பது பெரும்பாலும் லேசு, அதில் தொடங்கினால் பெயர்கள் தாமாக வரும்.

கேள்வி: மகள் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறாள். ரியூசனில் தந்த நூறு பொது அறிவு வினாவிடையும் வரிசையாகக் கேட்டால் தண்ணீர்பட்ட பாடு. "வவுனிக்குளம் எந்த ஆற்றில்?" என்றால் பாலியாறு என்கிறாள். "பாலியாற்றில் உள்ள பெரிய குளம் எது?" என்றால் முழிக்கிறாள். ஏன் இப்படி?
– தாய், பரந்தன்

பதில்: மகள் பதிந்து வைத்திருப்பது குளங்களையும் ஆறுகளையும் அல்ல, நூறு வாக்கியங்களை. ஒவ்வொரு விடைக்கும் ஒரே ஒரு கொளுக்கி, அது கேள்வியின் வாசகம். சிலவேளை முந்திய கேள்வியும். வாசகத்தைத் திருப்பியதும் பிடிக்க ஒன்றுமில்லை. பிள்ளையில் குறையில்லை, தாளில்தான் குறை.

கோர்டன் பவரும் கூட்டாளிகளும் 1969இல் செய்த சோதனை இதைக் கணக்கோடு காட்டும். 112 சொற்கள், கனியங்கள் போன்ற சில தலைப்புகளுக்குள் அடங்குபவை. ஒரு குழுவுக்கு அவற்றைக் கிளை பிரித்த வரைபடமாகக் கொடுத்தார்கள், மற்றக் குழுவுக்கு அதே சொற்களை அதே வடிவத்தில் தாறுமாறாகக் கொடுத்தார்கள். முதற்தடவை பார்த்துவிட்டு எழுதியபோது வரைபடக் குழு சராசரியாக 73 சொல் எழுதியது, மற்றக் குழு 21.

ஆகவே நூறையும் ஒன்றாக எடுக்க வேண்டாம். ஒரு தடவைக்கு 20 முதல் 25 தகவல், நாலு ஐந்து தலைப்பு, தலைப்புக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். வன்னியின் நீரையே எடுங்கள். நடுவில் நாலு ஆறு. கனகராயன் ஆறு வடக்கே போகிறது, அதில் இரணைமடு, கிளிநொச்சி மாவட்டம், கடைசியில் சுண்டிக்குளம் கடனீரேரி. பாலியாறு மேற்கே கடலுக்குப் போகிறது, அதில் வவுனிக்குளம், முல்லைத்தீவு மாவட்டம். பேராற்றில் முத்தையன்கட்டு, அதுவும் முல்லைத்தீவு மாவட்டம். அருவியாறு அனுராதபுரப் பக்கமிருந்து மன்னாருக்கு வருகிறது, தேக்கம் அணையில் மறித்துக் கட்டுக்கரைக்குளத்துக்கு விடுகிறார்கள். இப்போது ஒவ்வொரு குளத்துக்கும் ஆறு, திசை, மாவட்டம் என்று மூன்று கொளுக்கி. எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் ஒன்று அகப்படும்.

இதை மகள் தன் கையால் வரைய வேண்டும். ரியூசனில் அச்சடித்துத் தரும் படத்துக்குப் பலன் குறைவு, எதை எதனோடு கோர்ப்பது என்று யோசிக்கும் வேலையை அங்கே வேறொருவர் செய்துவிட்டார். வரையத் தொடங்குமுன் தலைப்பைச் சொல்லிவிடுங்கள். பிரான்ஸ்ஃபோர்ட், ஜோன்சன் இருவரும் 1972இல், உடுப்புத் தோய்ப்பதைப் பற்றி, எதைப் பற்றியது என்றே தெரியாதபடி எழுதிய பந்தி ஒன்றைக் கேட்க வைத்தார்கள். தலைப்பை முன்கூட்டியே அறிந்தவர்கள் 18 கருத்துகளில் 5.8 சொன்னார்கள். தலைப்பே அறியாதவர்களுக்கு 2.8. கேட்டு முடிந்த பிறகு தலைப்பு அறிந்தவர்களுக்கு 2.7, அதாவது பிந்திச் சொன்ன தலைப்பால் ஒரு பயனும் இல்லை.

வரைந்த பிறகு தாளை மூடிவிட்டு வெறும் கடதாசியில் மறுபடி வரையச் சொல்லுங்கள். வராத இடத்தை விட்டுவிட்டு மேலே போகட்டும். முடிந்தபின் திறந்து, விட்டதை மட்டும் வேறு நிறப் பேனையால் நிரப்பட்டும். அடுத்த நாள் ஒரு தரம், மூன்றாம் நாள் ஒரு தரம், ஒரு கிழமை கழித்து ஒரு தரம். ஒவ்வொரு முறையும் அரைவாசிக் கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். "பார்த்துப் படிக்காமல் எழுதிப் பார்ப்பதால் நேரம் வீண்" என்று பிள்ளை சிணுங்கும். றோடிகர், கார்பிக்கே இருவரின் 2006ஆம் ஆண்டுச் சோதனையில், ஒரு பந்தியை நாலு முறை வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் கேட்டபோது 83 வீதம் சொன்னார்கள். ஒரு முறை வாசித்து மூன்று முறை பார்க்காமல் எழுதியவர்கள் 71. ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. சிணுங்கலுக்குக் காரணம் அந்த முதல் ஐந்து நிமிடத்து எண்தான்.

ஒரு எச்சரிக்கை. ஒரே பெயரில் தொடர்பில்லாத தகவல்களைக் குவித்தால் தேடல் மந்தமாகும். ஜோன் அண்டர்சன் 1974இல் அளந்து காட்டிய விளைவு இது. 'முல்லைத்தீவு' என்ற தலைப்புக்குக் கீழே குளம், கோயில், பண்டாரவன்னியன் 1803இல் தாக்கிய கோட்டை, மீன், காடு என்று பதினைந்தைத் தொங்கவிட்டால் எல்லாம் ஒன்றையொன்று மறிக்கும். நீர், வரலாறு, தொழில் என்று உள்ளே பிரித்துவிட்டால் அந்த மறிப்புக் குறையும்.

கேள்வி: மத்தியஸ்த சபையில் ஒரு பிணக்கு. மாடு இறங்கி நெல்லைத் தின்றது. வேலி அறுந்து கிடந்தது என்று மூன்று பேர் சொன்னார்கள். அன்று காலையே எடுத்த படத்தில் வேலி நல்லபடி இருக்கிறது, படலைதான் திறந்து கிடக்கிறது. மூவரும் பொய் சொல்லும் ஆட்களும் இல்லை.
– ஓய்வுபெற்ற அதிபர், புதுக்குடியிருப்பு

பதில்: பொய்யில்லாமலும் இது நடக்கும். 'மாடு வயலுக்குள் இறங்குவது' என்பதற்கு எல்லோர் தலையிலும் ஒரு தயார்ச் சட்டகம் உண்டு: அறுந்த வேலி, மிதிபட்ட வரம்பு, சத்தம் போடும் கமக்காரர். கண்டது அரைகுறையாகப் பதிந்த இடங்களை மூளை இந்தச் சட்டகத்தால் நிரப்பிவிடும், நிரப்பியது என்ற உணர்வே இராது. பிரெடெரிக் பார்ட்லெட் 1932இலேயே இதை எழுதினார். 1981இல் புரூவர், ட்ரெயென்ஸ் இருவரும் 30 மாணவரை ஓர் ஆய்வாளரின் அலுவலக அறையில் 35 செக்கன் இருத்திவிட்டு, வெளியே கூப்பிட்டு, உள்ளே கண்டதை எழுதச் சொன்னார்கள். புத்தகங்கள் கண்டோம் என்று 9 பேர் எழுதினார்கள். அந்த அறையில் ஒரு புத்தகமும் இல்லை.

விசாரிக்கும்போது மூவரையும் தனித்தனியே கேளுங்கள், ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கக்கூடாது. முதலில் "கண்டதைச் சொல்லுங்கள்" என்று விட்டுவிட்டுக் குறுக்கிடாமல் எழுதுங்கள். "வேலி எப்படி அறுந்து கிடந்தது?" என்ற கேள்வியே வேலியை அறுத்துவிடும். "எந்த இடத்தில் நின்று பார்த்தீர்கள், அங்கிருந்து வேலி தெரியுமா?" என்று இடத்தைப் பிடித்துக் கேளுங்கள். மூவரும் ஒரே மாதிரிச் சொல்வதைச் சாட்சியின் பலமாக எடுப்பதுண்டு. எல்லோரும் எதிர்பார்க்கக்கூடிய விபரத்தில் அந்த ஒற்றுமைக்கு மதிப்பில்லை. படலை போல, யாரும் எதிர்பாராத விபரத்தில் இருவர் தனித்தனியே ஒத்துப்போனால் அதற்கு மதிப்புண்டு.

கேள்வி: தெரிந்த ஆளின் பெயர் நாக்கு நுனியில் நிற்கும், வெளியே வராது. நெடுநேரம் யோசித்தால் வந்துவிடுமா?
– வாசகர், செட்டிகுளம்

பதில்: ஆளைப் பற்றிய அறிவும் அவர் பெயரின் ஒலியும் தனித்தனியே இருப்பதன் அடையாளம் இது. பிரவுன், மக்நீல் இருவரும் 1966இல் ஆராய்ந்தபோது, சொல் வராதவர்கள் அதன் முதலெழுத்தையும் அசை எண்ணிக்கையையும் பலமுறை சரியாகவே சொன்னார்கள். நெடுநேரம் தவிக்க வேண்டாம். 2008இல் வந்த ஆய்வொன்றில், 10 செக்கன் தவித்தவர்களைவிட 30 செக்கன் தவித்தவர்கள் இரண்டு நாள் கழித்து அதே சொல்லில் கூடுதலாகச் சிக்கினார்கள். சிக்கும் பாதையும் பழகிவிடுகிறது. கேட்டுத் தெரிந்துகொண்டு வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. கமம் செய்தவர். குளத்துக்கு வரும் குருவியெல்லாம் பெயர் சொல்லுவார். ஒரு வருடமாக நாரை, நீர்க்காகம், உள்ளான் எல்லாம் 'கொக்கு'. போன கிழமை "அலவாங்கு எண்டா என்ன?" என்று கேட்டார். ஆனால் முந்தநாள் செத்தவீட்டுக்கு யார் யார் வந்தது என்று சரியாகச் சொல்கிறார், வழி தெருவும் தெரிகிறது. இது வயசுக்கு வரும் மறதியா?
– மகள், நெடுங்கேணி

பதில்: சாதாரண மறதி நேர்மாறாக வரும், நேற்று நடந்தது போகும், அலவாங்கு போகாது. அலவாங்கோடு வாழ்ந்தவருக்கு அது என்னவென்றே தெரியாமல் போவதை வைத்தியர் பார்க்க வேண்டும். கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைக்க முடியாது. ஆனால் இந்த மாதிரியில் பொது அறிவு ஞாபகத்தை மட்டும் முதலில் தின்னும் ஒரு மூளைத்தேய்வு உண்டு. எலிசபெத் வாரிங்டன் 1975இல் மூன்று நோயாளரில் இதை விபரித்தார். காதுக்கு முன்பக்கமாக உள்ளே இருக்கும் பொட்டு மடலின் முன்பகுதி, பெரும்பாலும் இடது பக்கம் கூடுதலாக, சுருங்குகிறது. 65 வயதுக்கு முன்பே தொடங்குவதும் உண்டு.

போகும் ஒழுங்கு கவனிக்கத்தக்கது. குறிப்பானது முதலில், பொதுவானது கடைசியில். நாரை கொக்காகும், பிறகு குருவியாகும், பிறகு 'அது'. இப்படியான நோயாளர் சிலர் தாராவை வரையும்போது நாலு கால் போட்டிருக்கிறார்கள். தாராவுக்கே உரியது அழிந்து, 'விலங்கென்றால் நாலு கால்' என்ற பொதுவானது மிஞ்சி, அதுவே கையை நடத்தியிருக்கிறது.

வைத்தியரிடம் போகுமுன் ஒரு குறிப்பு எழுதுங்கள். வீட்டிலும் வளவிலும் உள்ள பத்துப் பொருளை எடுங்கள்: மண்வெட்டி, கத்தி, படங்கு, துருவலை, அலவாங்கு போன்றவை. ஒவ்வொன்றுக்கும் பெயர் கேளுங்கள். வராவிட்டால் எதற்கு என்று கேளுங்கள். அதுவும் வராவிட்டால் கையில் கொடுத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள். பெயர் வராமல் பயன் தெரிந்தால் பிரச்சினை சொல்லை எடுப்பதில். பயனும் தெரியாவிட்டால் அறிவிலேயே ஓட்டை. திகதியோடு எழுதி, இரண்டு மாதம் கழித்து மறுபடி செய்தால் வேகம் தெரியும். பரீட்சை வைப்பதுபோல் பலர் முன் கேட்க வேண்டாம். கேட்கும் சக்தி, கண்பார்வை, மனச்சோர்வு, தைரொயிட், விற்றமின் பி12 குறைவு, பாவிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் முதலில் பார்ப்பார்கள். அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் காட்டி நரம்பியல் வைத்தியருக்குக் கடிதம் வாங்குங்கள், எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொல்லலாம். குழப்பம் ஒரே நாளில் திடீரென வந்தாலோ, வாய் கோணினாலோ, கை சோர்ந்தாலோ காத்திருக்க வேண்டாம், அது பக்கவாதமாக இருக்கலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை உடனே கூப்பிடுங்கள்.

இந்த நோயை நிறுத்தும் மருந்து இதுவரை இல்லை. தினமும் கையில் புழங்கும் பொருளின் அறிவு மற்றதைவிட நீடிக்கும், அதுவும் அதே பொருளாக, அதே இடத்தில் இருந்தால். பழைய மண்வெட்டியை மாற்றிப் புதுவகை வாங்கிக் கொடுக்க வேண்டாம். "இது என்ன, சொல்லுங்கோ அப்பா" என்று துருவ வேண்டாம், "இந்தாங்கோ மண்வெட்டி" என்று பெயரோடு கையில் கொடுங்கள்.

இதை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். இந்த நோயில் உண்ணக்கூடியது எது, கூடாதது எது என்ற அறிவும் கலையும், இனிப்பில் ஆசையும் கூடும். களைநாசினி, கிருமிநாசினிப் போத்தல்களைத் தாழ்வாரத்திலிருந்து எடுத்துப் பூட்டுள்ள பெட்டிக்கு மாற்றுங்கள். மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருந்தால் அதை மூலப் போத்தலுக்கு மாற்றுங்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சுட்டி அவரைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம், அந்தப் படத்தின் அர்த்தமும் பொது அறிவுதான்.